அழுத நேரத்தைச் சேர்க்காத கணக்கு

1

சென்ற வாரம் என் மனைவிக்குத் திதி கொடுத்தேன். எட்டாவது வருஷம். கொடுத்த நாள் தப்பு. இந்த வருஷம் மட்டுமல்ல, எட்டு வருஷமும் தப்பு. முதலிலேயே இதைப் போட்டு உடைத்துவிட்டுத்தான் மேலே எழுதுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். சுற்றி வளைத்து வந்தால் நடுவழியில் எனக்குத் துணிவு போய்விடும்.

ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டீர்கள். "அவனா? கணக்கிலேயா?" என்பீர்கள். நியாயம்தான். கணக்கு ஒன்றைத் தவிர வேறு எதிலும் நான் கெட்டிக்காரன் இல்லை. கப்பலேறிப் பதினைந்து வருஷம் ஆகிறது. இந்த ஈப்போவில், நில அளவை ஆபீஸில், எனக்குச் சோறு போடுவது அதுதான். என் பதவிக்குக் கம்ப்யூட்டர் என்று பெயர். பெரிதாக நினைத்துவிட வேண்டாம், கணக்குப் போடுகிறவன் என்று அர்த்தம். லகாட்டில் ஈயக் குழியோ, காம்பார் பக்கம் ரப்பர் தோட்டமோ, எல்லை அளக்கச் சங்கிலி எடுத்துக்கொண்டு ஆட்கள் காட்டுக்குள் போவார்கள். அட்டைக்கடியும் சேறுமாகத் திரும்பி வந்து, இத்தனை சங்கிலி, இத்தனை பாகை என்று குறித்த நோட்டை என் மேசையில் போடுவார்கள். நான் மடக்கை வாய்ப்பாட்டை விரித்து வைத்துக்கொண்டு, புறப்பட்ட எல்லைக் கல்லுக்கே கோடு திரும்பி வந்து சேர்கிறதா என்று பார்ப்பேன். சேர்ந்தால் சுற்று மூடிற்று என்போம். சேராவிட்டால் எங்கேயோ பிசகு.

மூடாத சுற்றுக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கணக்கை இரண்டாம் தரம் போடுவதெல்லாம் அப்புறம். முதலில் சங்கிலி பிடித்த ஆளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். "அந்த ஓடையைத் தாண்டும்போது சங்கிலி தொய்ந்ததா? நிஜத்தைச் சொல்லப்பா, யாரும் உன்னைத் திட்ட மாட்டார்கள்." பாதித் தப்பு அங்கேயே அகப்பட்டுவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இதை ஓயாமல் சொல்லுவேன். என் முதுகுக்குப் பின்னால் "ஆளைக் கேளு ஐயா வர்றார்" என்று கேலி செய்வார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

2

என் மனைவியின் பெயர் தையல்நாயகி. இரண்டாவது பிரசவத்துக்குத் தாய் வீடு போகிறேன் என்று ஒரே பிடிவாதம் பிடித்தாள். இந்த ஊர் ஆஸ்பத்திரி என்றால் அவளுக்கு நடுக்கம். "வெள்ளைக்கார டாக்டர்கிட்ட வலிக்குதுன்னு எந்தப் பாஷையில சொல்றது? நீங்க வந்து பக்கத்துல நின்னு மொழிபெயர்ப்பீங்களா?" என்று கேட்டாள். போய் வா என்றேன். மூத்தவள் கமலத்துக்கு அப்போது ஏழு வயசு. அவளையும் கூட்டிக்கொண்டு நாயகி பினாங்கில் கப்பலேறினாள்.

அது ரௌத்திரி வருஷம். சித்திரையில் கும்பகோணத்துக் கணித மேதை காலமானார். பேர் சொல்ல வேண்டியதில்லை, சீமை வரை போய்ப் பேர் வாங்கி, நோயோடு திரும்பி, முப்பத்திரண்டு வயசில் போய்விட்டவர் என்றால் உங்களுக்குத் தெரியும். அந்தச் செய்தி வந்த பத்திரிகைத் துண்டை நாயகி கடிதத்தோடு மடித்து அனுப்பியிருந்தாள். "அவ்வளவு கணக்குப் போட்டவர் இவ்வளவு சின்ன வயசில் போய்விட்டாரே. மனசு என்னவோ போல் இருக்கிறது. நீங்கள் கணக்கை மூடி வைத்துவிட்டு வேளைக்குச் சாப்பிடுங்கள்" என்று எழுதியிருந்தாள். அவள் கையெழுத்தில் எனக்கு வந்த கடைசிக் கடிதம் அது.

ஆடியில் தந்தி வந்தது. மனைவி இன்று காலை காலமானாள், சிசுவும் தங்கவில்லை என்று இங்கிலீஷில் ஏழெட்டு வார்த்தை.

நான் அழவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று மட்டுமல்ல, அதற்கப்புறமும் அழவில்லை. பெட்டியைத் திறந்து பஞ்சாங்கத்தை எடுத்தேன். எந்தத் திதியில் போனாள் என்று தெரிய வேண்டாமா? வருஷா வருஷம் அந்தத் திதியில்தானே அவளுக்குச் சோறு வைக்க முடியும்? கொள்ளி வைக்கக்கூடக் கொடுத்து வைக்காதவன் நான், மிஞ்சினது அது ஒன்றுதான்.

திதி என்பது தேதி அல்ல. சந்திரன் சூரியனை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் திதி. அது தனக்கு இஷ்டப்பட்ட நாழிகையில் மாறும். அன்றைக்குத் தேய்பிறைத் தசமி, சூரியன் உதித்து மூன்றரை நாழிகை வரைக்கும். அதாவது ஏழரை மணிக்குச் சற்று முன்பு தசமி முடிந்து ஏகாதசி பிறக்கிறது. வாக்கியப் பஞ்சாங்கத்தையும் பார்த்தேன், திருக்கணிதத்தையும் பார்த்தேன். இரண்டும் கொஞ்சம் முன்னே பின்னே அதைத்தான் சொல்லின. தந்தியில் 'காலை' என்றுதான் இருக்கிறதே தவிர மணி இல்லை. ஆனால் தந்தித் தாளின் தலைப்பில், அது தந்தி ஆபீஸில் கொடுக்கப்பட்ட நேரம் இருந்தது. பத்தரை. அவள் ஊரிலிருந்து தந்தி ஆபீஸுக்கு மாட்டு வண்டியில் இரண்டரை மணி நேரம். நான் எத்தனையோ தடவை போன பாதை, மேடு பள்ளமெல்லாம் அத்துப்படி. பத்தரையில் இரண்டரை போனால் எட்டு. எட்டு மணி என்றால் உதயத்திலிருந்து ஐந்து நாழிகை. ஐந்தில் மூன்றரை போனால் ஒன்றரை. ஒன்றரை நாழிகை வித்தியாசத்தில் ஏகாதசி.

இரண்டு தரம் சரிபார்த்தேன். அடியில் கோடு போட்டேன். எவ்வளவு பெருமை தெரியுமா எனக்கு! கடலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, ஒரு தந்தித் தாளை வைத்து, என் பெண்டாட்டி உயிர் போன நாழிகையைக் கண்டுபிடித்துவிட்டேன். இந்த ஊர்ச் சிலிபின் பக்கம் இருக்கிற நம்மவர்கள் துக்கம் கேட்க வந்தபோது, ஏகாதசியில் போனாள் என்று சொன்னேன். "ஏகாதசியா? கொடுத்து வச்சவங்க ஐயா, நேரா வைகுண்டம்தான்" என்றார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எட்டு வருஷம் ஓட்டினேன்.

3

வருஷா வருஷம் லீவு எழுதுவது ஒரு கூத்து. மனைவியின் நினைவு நாள் என்று எழுதிக் கொடுப்பேன். பழைய துரை ஒன்றும் கேட்க மாட்டார். புதிதாக வந்த சின்ன துரை முந்தின வருஷங்களின் மனுக்களையெல்லாம் எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டார். ஒரு வருஷம் ஜூலை, ஒரு வருஷம் ஆகஸ்டு, தேதி தேதியாக மாறியிருக்கிறது. "உன் மனைவி ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு நாளில் சாகிறாளா?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே புரியவில்லை. சந்திர மாதம், சூரிய மாதம் என்று என் இங்கிலீஷில் தட்டுத் தடுமாறி விளக்கினேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வரைபட மேசையில் இருக்கிற சீனர் ஆ சோங்தான் எனக்கு ஆறுதல். "எங்க அம்மாவும் அப்படித்தான், நிலாக் கணக்கிலதான் வருவாங்க" என்று மலாயில் சொன்னார். அந்த ஆபீஸில் சீனருக்கும் தமிழனுக்கும் செத்தவர்கள் நிலா வழியாகத்தான் வருகிறார்கள். துரைமார் வீட்டுச் செத்தவர்கள் மட்டும் காலண்டரைப் பார்த்து வருகிறார்கள் போலிருக்கிறது.

4

பழைய துரை ஊருக்குத் திரும்பும்போது ஒரு புஸ்தகம் கொடுத்துவிட்டுப் போனார். அட்டை கிழிந்து, முதல் பக்கங்களைக் கறையான் தின்றது போக மிச்சம். உலகத்துக் கணித மேதைகளின் சரித்திரம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத்தான் படிப்பேன். பெயர்கள் என் நாக்கில் நிற்பதில்லை, ஆட்கள் மனசில் நிற்கிறார்கள்.

மணலில் வட்டம் போட்டுக்கொண்டிருந்த கிரேக்கக் கிழவர் ஒருவர். ஊருக்குள் எதிரிப் படை நுழைந்ததுகூடத் தெரியாமல், கிட்டே வந்த சிப்பாயை வட்டத்தை மிதிக்காதே என்று அதட்டினார், வெட்டிப் போட்டுவிட்டான். முன்பெல்லாம் படித்தால் புல்லரிக்கும். இப்போது, அந்த வீட்டில் அவரைச் சாப்பிடக் கூப்பிட யாராவது இருந்தார்களா என்று நினைத்துக்கொள்கிறேன். ஆப்பிள் விழுந்த கதையால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த ஆங்கிலேயர் ஒருவர். கிரகங்களையெல்லாம் கணக்கில் கட்டிப் போட்டவர், சந்திரன் கணக்கு மட்டும் தனக்குத் தலைவலி தருகிறது என்றாராம். கேட்கவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏனென்றால் அந்தத் தலைவலிக் கணக்கை நம் பக்கத்தில் வாக்கியங்களாக்கி மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். இருநூற்று நாற்பத்தெட்டு வாக்கியம், எழுத்துக்கு ஒரு எண், நாளுக்கு ஒரு வாக்கியம், சந்திரன் அன்றைக்கு எங்கே என்று சொல்லிவிடும். நூறு வருஷத்துக்கு முன்னால் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை அடுக்கி, வாய்க்குள் முணுமுணுத்தே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்ட, பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார அதிகாரி வாயைப் பிளந்தாராம். பிசகு ஒரு மணிக்கும் குறைவு.

இன்னொருவர், சுவிஸ் தேசத்தில் பிறந்து ருஷ்யாவில் செத்தவர். கண் இரண்டும் போன பிறகு சந்திரன் கணக்கை மனசுக்குள்ளேயே போட்டார். மடியில் ஒரு கைக்குழந்தை, காலடியில் நாலைந்து பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, அந்த இரைச்சலில்தான் அவருக்குக் கணக்கு வருமாம். இவரைப் பற்றிப் படிக்கும்போது மட்டும் எனக்குப் பொறாமையாக இருக்கும். நம் வீட்டில் நான் பென்சிலை எடுத்தால் யாரும் மூச்சுவிடக் கூடாது.

கமலத்துக்கு இதெல்லாம் படித்துத் தமிழில் சொல்லுவேன். அம்மா போனபின் மாமாவோடு கப்பலில் என்னிடம் திரும்பி வந்தவள், அவளுக்கு இப்போது பதினைந்து. கன்னியாஸ்திரீகள் நடத்துகிற இங்கிலீஷ் பள்ளியில் படிக்கிறாள். கணக்கில் என்னைவிடக் கூர்மை. ஆனால் வாய்ப்பாடு அவள் வாயில் இங்கிலீஷில்தான் ஓடும். வீசம், மாகாணி, அரைக்கால் என்று நம் பழைய பின்னங்களை நான் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "இது கணக்கா, சமையல் சாமானா அப்பா?" என்பாள். நானும் சிரித்து வைப்பேன். அப்புறம் ரொம்ப நேரம் எதிலும் மனசு ஓடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் தேசத்துக் கணித மேதை ஒருவரின் கதையைச் சொன்னேன். எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முந்தியவர். மகளுக்குக் கல்யாணம் கூடிவர ஒரே ஒரு முகூர்த்தம்தான் என்று கணித்து, தண்ணீர்க் கடிகாரம் வைத்தார். சின்ன ஓட்டையுள்ள கிண்ணம், தண்ணீர் ஏறி அது அமிழ்ந்தால் வேளை வந்தது என்று அர்த்தம். அந்தப் பெண் ஆசையாகக் குனிந்து பார்த்தபோது அவள் அலங்காரத்திலிருந்து ஒரு முத்து விழுந்து ஓட்டையை அடைத்துக்கொண்டது. கிண்ணம் அமிழவில்லை. முகூர்த்தம் தாண்டிப் போயிற்று, கல்யாணமே நடக்கவில்லை. மகளைத் தேற்ற அவள் பேரிலேயே ஒரு கணித நூல் செய்தாராம்.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு?" என்று கமலம் கேட்டாள்.

"எப்போ?"

"முத்து விழுந்தப்ப. அதுக்குத் தெரிஞ்சிருக்கும்லா."

"அது புஸ்தகத்தில் இல்லையம்மா."

"அவங்க அப்பா கேக்கலையா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை. போய்ப் பாடத்தைப் படி என்று சொல்லிவிட்டேன். அவள் எழுந்து போனாள்.

5

திதியன்று காலையில் கிந்தா ஆற்றில் முழுகி, எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அஞ்சலை சமையலை முடித்திருந்தாள். அவள் பக்கத்து வீடு. லகாட் பக்கத்துத் தோட்டத்தில் இருபது வருஷம் ரப்பர்ப் பால்மரம் சீவிவிட்டு, இப்போது மகனோடு டவுனுக்கு வந்துவிட்டவள். கமலம் சின்னப் பிள்ளையாக வந்த நாளிலிருந்து இந்தத் திதிச் சமையலுக்கு அவள்தான் கைகொடுக்கிறாள்.

நான் பஞ்சாங்கத்தை விரித்து, இந்த ஊர் மணிக்கு மாற்றி ஏகாதசி எது வரை என்று இன்னொரு தரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஐயா, இலை காயுது. இன்னும் என்ன கிரா போடுறீங்க?" என்றாள். கிரா என்றால் மலாயில் கணக்கு. "அந்தம்மா பசியோட வந்து நிக்குமில்ல?"

படையல் போட்டுக் கும்பிட்டோம். கமலம் சோற்றுருண்டையை எடுத்துப் போய்க் கொல்லைப்புற வேலிக் கட்டைமேல் வைத்தாள். இங்கே ஊரைப் போலக் கூப்பிட்ட குரலுக்குக் காக்கை வராது. எப்போதாவது ஒரு காட்டுக் காக்கை வரும், இல்லாவிட்டால் மைனா. அன்றைக்கு இரண்டும் வரவில்லை. கால் மணி நின்றோம். அரை மணி நின்றோம். அஞ்சலை கா கா என்று கத்திக் கத்திக் களைத்துப் போனாள்.

"ஏன்தான் வரமாட்டேங்குதோ. ஏதும் மனக்குறையா தாயி?" என்று அவள் வானத்தைப் பார்த்துக் கேட்டாள்.

கமலம் சாதாரணமாகத்தான் சொன்னாள். "அம்மா நேத்தே வந்துட்டுப் போயிருப்பாங்கக்கா."

"என்ன உளறுகிறாய்?" என்றேன்.

"ஒண்ணுமில்லப்பா."

"ஒன்றுமில்லையா? நேற்றுத் தசமி. இன்றைக்குத்தான் ஏகாதசி. எட்டு வருஷமாக உனக்குத் தெரியாதா? கணக்கைக் காட்டட்டுமா?" என்று கத்தினேன். உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து அந்தப் பழைய தாளையே எடுத்து வந்துவிட்டேன். தந்தி, பத்தரை, வண்டிக்கு இரண்டரை, எட்டு மணி, ஐந்து நாழிகை. ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக் காட்டினேன். திதி நாளன்று, படையல் இலைக்கு முன்னால், பெற்ற பெண்ணிடம் இப்படிக் கத்தினேன்.

அவள் தாளைப் பொறுமையாகப் படித்தாள். பள்ளிக்கூடத்தில் தோழியின் நோட்டைத் திருத்துகிறவள் மாதிரி.

"எட்டு மணிக்கு வண்டி பூட்டினாங்க. அது சரிப்பா," என்றாள். "அம்மா அப்ப போகல. அம்மா விடியறப்பவே போயிட்டாங்க. கோழி கூவிச்சு. வெளிய இன்னும் சரியா வெளிச்சம் வரல. விளக்கை அணைக்கலாமான்னு பாட்டி கேட்டுக்கிட்டு இருந்தாங்க, அப்பத்தான்."

"அப்படியென்றால் எட்டு மணி வரைக்கும் என்ன செய்தார்கள்?"

"அழுதுகிட்டு இருந்தாங்கப்பா," என்றாள்.

அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எல்லாரும் அழுதாங்க. தந்தி குடுக்கணும்னு யாருக்கும் தோணல. மாமா வெளியில சுவத்துல தலையை முட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. அப்புறம் யாரோ வந்து, உங்களுக்குச் சொல்லி அனுப்ப வேணாமான்னு கேட்டாங்க. இங்கிலீஷ் எழுதத் தெரிஞ்ச வாத்தியார் வீட்டுக்கு ஆள் போனாங்க. அதுக்கப்புறம்தான் வண்டி."

நான் அந்தத் தாளைப் பார்த்தேன். வண்டிக்கு நேரம் கழித்திருக்கிறேன். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நேரம் கழித்திருக்கிறேன். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மனிதர்கள் முதலில் அழுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் அழாதவன், எனக்கு எப்படித் தோன்றும்? அந்த இரண்டரை மணி நேர அழுகைதான் தசமியை ஏகாதசியாக்கிவிட்டது.

பத்து வரிக் கணக்கில் ஒரு வரிகூடப் பிசகில்லை. சங்கிலி பிடித்த ஆள் என் வீட்டிலேயே இருந்தாள். என் கையால் சோறு வாங்கித் தின்றாள், என் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தாள். ஊரெல்லாம் "ஆளைக் கேளு" என்று உபதேசம் செய்த நான், அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எட்டு வருஷம் என் நாயகி தசமியன்று வந்து பார்த்திருக்கிறாள். இலை இல்லை, விளக்கு இல்லை, நான் ஆபீஸில் யாருடைய தோட்டத்துக்கோ எல்லை கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பசியோடு திரும்பிப் போயிருக்கிறாள். படித்தவன் இதையெல்லாம் நம்பலாமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். நான் நம்புகிறேன். அந்த வைகுண்டமும் போயிற்று. அவள் சாதாரணத் தசமியில், எல்லாரையும் போலத்தான் போயிருக்கிறாள்.

6

அஞ்சலை ஒரு தட்டில் சோற்றைப் போட்டு என் முன்னால் வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். நானும் கமலமும் மட்டும் இருந்தோம்.

"நீ ஏனம்மா சொல்லவில்லை? இத்தனை வருஷம்?" என்று கேட்டேன். கோபமெல்லாம் இறங்கிவிட்டிருந்தது.

"நீங்க கேக்கல," என்றாள். பிறகு, "முதல்ல எனக்குத் திதின்னா என்னன்னே தெரியாது. நாள் தப்புன்னு ரெண்டு வருஷம் முன்னாலதான் புரிஞ்சுது. பஞ்சாங்கம் பாக்க நானே கத்துக்கிட்டேன். சொன்னா உங்களுக்குத் தாங்காதுன்னு விட்டுட்டேன்."

"நேற்று..."

"நேத்து ஸ்கூலுக்குக் கட்டிக் குடுத்த சோத்தைக் கொஞ்சம் மரத்தடியில வச்சேன். போன வருஷமும் வச்சேன். சிஸ்டர் பாத்துட்டு எதுக்குச் சோத்தை வீணாக்குறேன்னு திட்டினாங்க. எங்க அம்மாவுக்குன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியல, சும்மா நின்னேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பெற்ற பெண்ணின் கையைப் பிடித்து எத்தனை நாளாயிற்று என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஒப்புக்கொள்கிறேன், நான் கேட்காமல் இருந்தது மறதியால் அல்ல. பயம். அவள் வாயைத் திறந்தால் நாயகி நிஜமாகவே செத்துப் போவாள் என்று பயம். தாளில் எழுதினால் அது வெறும் எண்ணாக இருந்தது, எண்ணோடு எனக்குப் பழக்கம்.

"இப்போது கேட்கிறேன்," என்றேன். "எல்லாம் சொல்லு. நீ எங்கே இருந்தாய்?"

"அம்மா பக்கத்துலதான். என் கையைத்தான் பிடிச்சிருந்தாங்க."

"வலித்ததா அவளுக்கு?"

"கடைசியில இல்லப்பா. சும்மா படுத்திருந்தாங்க."

"என்னைக் கேட்டாளா?"

கமலத்தின் கண்ணிலிருந்து நீர் வழிந்து கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை.

"கேட்டாங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க."

"என்ன? என்ன சொன்னாள்?"

"மறந்துடாத, அப்பாகிட்ட இதைச் சொல்லுன்னு ரெண்டு தடவை சொல்லிக் குடுத்தாங்க. நான் திருப்பிச் சொல்லிக் காட்டினேன். மாமா என்னைக் கப்பல்ல கூட்டிட்டு வந்தப்ப தினம் சொல்லிப் பாத்துக்குவேன், மறந்துடக் கூடாதுன்னு. பினாங்குல இறங்கினப்பவும் சொல்லிக்கிட்டேதான் இறங்கினேன். வீட்டுக்கு வந்த மறுநாள் உங்ககிட்ட வந்து நின்னேன். 'அப்பா, அம்மா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க'ன்னேன். நீங்க முதல் வருஷத் திதிக்கு நாள் பாத்துக்கிட்டு இருந்தீங்க. தலையைத் தூக்காம, 'இரும்மா, கணக்கு முடியட்டும்'னீங்க."

எனக்கு ஞாபகம் வந்தது. மேசை, விளக்கு, பாவாடை கட்டின ஒரு குழந்தை பக்கத்தில் நின்றது, நான் கையை உயர்த்தி நிறுத்தியது, எல்லாம் கண் முன்னால் வந்தது. அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்பது மட்டும் ஞாபகமில்லை.

"நானும் இருந்தேன்பா. நீங்க கூப்பிடுவீங்கன்னு. தூங்கப் போறப்ப தினம் ஒரு தடவை சொல்லிப்பேன். அப்புறம் ஸ்கூல்ல சேத்தீங்க. அங்க எல்லாம் இங்கிலீஷ், ஜபம், பாட்டு, பாடம். தினமும் சொல்லிக்கிட்டிருந்தது, வாரத்துக்கு ஒரு தடவை ஆச்சு. ஒரு நாள் சொல்லிப் பாத்தா வரல. எங்க போச்சுன்னே தெரியல." அவள் விம்மினாள். "அம்மா முகம் ஞாபகம் இருக்கு. உதடு அசைஞ்சது இருக்கு. நான் திருப்பிச் சொன்னது இருக்கு. என்ன சொன்னேன்னு மட்டும் இல்லப்பா. எவ்வளவு யோசிச்சாலும் வரல."

நான் அழுதேன். எட்டு வருஷத்துக்கும் சேர்த்து அழுதேன். அவள்தான் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். வாழ்நாள் பூராவும் எண்ணியே பழகின புத்தி, அந்த நேரத்திலும் ஓய மாட்டேன் என்றது. நீளமானதா, எத்தனை வார்த்தை இருக்கும் என்று அவளைக் கேட்டேன்.

"இல்லப்பா, சின்னதுதான்," என்றாள் கமலம். "ஒரே மூச்சுல சொல்லி முடிச்சிருப்பேன்."